கிளட்ச் பைப்பு கழற்றிய வெள்ளிக்கிழமை

அம்சவல்லி பீங்கான் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். விருத்தாசலத்துச் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த கப்பு பாதி காய்ந்து, தோல்போல இருக்கும்போதே கைப்பிடியை வைத்துவிட வேண்டும். இரண்டு முனையிலும் மண்குழம்பைத் தொட்டு, நோகாமல் அழுத்தி, பிதுங்கியதை ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். வாய்க்கு வேலையில்லாத வேலை அது. அதனால் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் காலையில் தொடங்குகிற பேச்சு, சாயங்காலம் கை கழுவும்போதுதான் நிற்கும்.

அன்று வியாழக்கிழமை. வேப்பூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற வாசுகி, தன் இடத்துக்குப் போகாமல் அம்சவல்லியின் பக்கத்தில் வந்து குந்தினாள். பஞ்சை நனைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, ஒங்க பொண்ணு நேத்து சாயங்காலம் வேப்பூரு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருந்துது. நான் எறங்குறதப் பாத்துட்டு ஓடியாந்துது."

"கனகாவா? நல்லாருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. நாளைக்கு அவங்க வூட்டுல எல்லாரும் பொண்ணுக்குப் பூ வைக்கப் போறாங்களாம். ஒங்க மாப்பிள்ளைக்கு."

அம்சவல்லி எடுத்த கைப்பிடி கப்பை நெருங்கி நின்றது.

"மாப்பிள்ளைக்கா?"

"ஆமாங்கா. கட்டி இத்தினி வருஷமா புள்ள இல்லன்னு. மாமியாவோட அண்ணன் வூட்டுப் பொண்ணாம். இவளும் இருக்கட்டும், அவளும் வரட்டும்னு பேச்சாம். கனகா சொல்லுச்சு, 'அவங்க பூ வச்சுட்டுத் திரும்பி வரப்ப நான் அந்த வூட்டுல இருக்க மாட்டேன், எங்கம்மாவ வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லு'ன்னு. அழுவலக்கா. கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புற மாதிரி சொல்லுச்சு. அதான் எனக்குப் பயமாயிருந்துது."

அம்சவல்லி அந்தக் கைப்பிடியை ஒட்டினாள். துடைத்தாள். அடுத்த கப்பை எடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் அவள் ஒட்டிய எதுவும் கோணவில்லை. கிளம்பும்போது மட்டும் மேஸ்திரியிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள்.

அவள் புருஷன் கோதண்டபாணி ஜங்ஷனில் வாடகைப் பிளசர் கார் ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் இருவரும் கம்மாபுரம் பக்கம் கம்பும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் போட்டவர்கள். அந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலத்துக்கு வந்த பணத்தில் கருவேப்பிலங்குறிச்சியில் வேறு நிலம் பார்க்கலாம் என்று அம்சவல்லி சொன்னாள். கோதண்டபாணி கடலூருக்குப் போய் ஒரு டாக்டரிடமிருந்து பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சாம்பல் நிறம். இரண்டே கதவு. பின்னால் உட்காருகிறவர்கள் முன் சீட்டை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அதைக் கோழிக்கூண்டு என்றார்கள்.

அம்சவல்லி சண்டை போடவில்லை. "என் நெலத்து மேல நான் ஏறி உக்கார மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். சந்தைக்கு நடந்து போனாள். கனகா கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஹெரால்டில் போக, பெண்ணைப் பெற்றவள் சீர் சாமான்களோடு டவுன் பஸ்ஸில் போய் வேப்பூரில் இறங்கினாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். கோதண்டபாணி பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல நான் போயிப் பேசிட்டு வரேன்" என்றார்.

"பேசறதுக்கு என்னா இருக்குது? கூட்டிட்டு வரணும்."

"பெரியவங்க நாலு பேர வச்சு..."

"பூ வைக்கப் போறவங்களும் பெரியவங்களாத்தான் இருப்பாங்க. நான் மொத பஸ்ஸுல போறேன்."

"பஸ்ஸுல வேணாம். பொட்டியத் தூக்கிக்கிட்டு அவ ரோட்டுல நடந்து வரக் கூடாது. வண்டில போவம்."

'போவம்' என்று அவர் சொன்னதை அம்சவல்லி கவனித்தாள். 

வெள்ளிக்கிழமை காலையில் ஆவணி வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. அம்சவல்லி கூழைக் கரைத்து வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தபோது, கோதண்டபாணி காரின் மூக்கு முழுவதையும் முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஹெரால்டு அப்படித்தான் திறக்கும். இஞ்சின், சக்கரம் எல்லாம் வெட்டவெளியாகத் தெரியும்.

"கிளட்ச்சு புடிக்கல" என்றார்.

"அப்புடின்னா?"

"கியரு போட முடியாது. கொஞ்சம் ஏறி உக்காந்து அந்த இடது பக்கத்துப் பெடல மிதி. எங்க போவுதுன்னு பாக்கணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அம்சவல்லி கதவருகே நின்றாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் பார்க்காததுபோல இஞ்சினுக்குள் குனிந்துகொண்டார்.

"மெதுவா மிதி."

"தொபுக்குன்னு உள்ள போவுது. சேத்துல கால வச்ச மாதிரி இருக்குது."

"வுடு. திரும்ப மிதி." காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். "ஒழுவுது. கியர் பெட்டிகிட்ட இருக்குற சிலிண்டரு. நீ மிதிச்சா எண்ணெ இந்தப் பைப்பு வழியாப் போயி அந்தச் சிலிண்டரத் தள்ளும். அதுதான் கிளட்ச்சப் பிரிச்சு வுடும். உள்ள ரப்பரு போயிட்டாப்பல தெரியுது."

"எத்தினி நேரம் ஆவும்?"

"பைப்பக் கழட்டி, சிலிண்டர எடுத்து, ரப்பர மாத்தி மாட்டினா ஆச்சு. பொழுது ஏறதுக்குள்ள கெளம்பிரலாம்."

முன் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். நடுவில் கியர் பெட்டியை மூடியிருந்த அட்டை உறையின் திருகுகளை எடுத்து, உறையைத் தூக்கினார். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்துக் கிடந்த இரும்பு தெரிந்தது. அதன் ஓரமாகச் சின்ன சிலிண்டர். அதில் வந்து சேரும் மெல்லிய குழாயின் கழுத்தில் ஒரு நட்டு. அதைச் சுற்றிலும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்தார். துரும்பு விழுந்தால் எண்ணெயோடு உள்ளே போய்விடும். மேலே எண்ணெய் ஊற்றும் டப்பாவின் மூடியைத் திறந்து, சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு ஒன்றை வைத்து மறுபடி இறுக்கினார். காற்று புகாவிட்டால் குழாயைக் கழற்றினாலும் எண்ணெய் முழுக்க இறங்காது.

"ஒரு கப்பு எடுத்தா. கீழ புடிக்கணும். இந்த எண்ணெ பெயிண்டுல பட்டா உரிச்சிரும்."

கப்புக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. சூளையில் கோணிப்போனவை, மெருகு பொரிந்தவை என்று கம்பெனியில் கழித்துக் கட்டியவைதான் உப்புக்கும் புளிக்கும் தண்ணீருக்கும். காது உடைந்த ஒன்றை எடுத்து வந்து, அம்சவல்லி கியர் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

நட்டு அசையவில்லை. கோதண்டபாணி ஸ்பேனரை மாற்றிப் போட்டு அமுக்கினார். குழாயும் சேர்ந்து திரும்பப் பார்த்தது. உடனே கையை எடுத்துவிட்டார்.

"முறுக்கினா பைப்பே அறுந்துபூடும். மண்ணெண்ணெ வுட்டுட்டுக் கொஞ்ச நேரம் ஊற வைக்கணும்."

மண்ணெண்ணெயில் நனைத்த திரியை நட்டின் மேல் சுற்றிவிட்டு, இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவள் கரைத்து வைத்திருந்த கூழை ஊற்றி, மல்லாட்டைத் துவையலை எடுத்து வைத்தாள். வேப்பூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் ரோட்டிலிருந்து கேட்டது.

"நான் ஒண்ணு கேக்குறேன்" என்றாள் அம்சவல்லி. "நெசமாவே ரப்பரு போயிட்டுதா, இல்ல போவ மனசில்லாம நீங்களே எதையாச்சும் பண்ணி வச்சீங்களா?"

அவர் கோபிக்கவில்லை. கூழைக் குடித்து முடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"வண்டி ஓடலன்னு சொல்லிப்புடலாமான்னு ராத்திரி ஒரு நெனப்பு வந்துது. செய்யல. இது தானாத்தான் போயிருக்குது."

"என்னா பயம் ஒங்களுக்கு?"

"கூட்டிட்டு வந்துட்டா அதோட முடிஞ்சிபோச்சு அம்சா. இருவத்திரண்டு வயசுப் பொண்ணு. நம்ம காலத்துக்கு அப்புறம் அவளுக்கு யாரு இருக்குறாங்க?"

"நம்ம காலத்துலயே அவ வூட்டுல இன்னொருத்தி வந்து உக்காரப் போறா. அத மொதல்ல பாருங்க. கம்பெனில ஆளு எடுக்குறாங்க. மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டேன். திங்கக்கெழமையே அவள வரச் சொல்லிட்டாரு."

"எப்பக் கேட்ட?"

"நேத்தே."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"லாரி வச்சிருக்குற வூடுன்னு நான்தான் ஆசப்பட்டேன். மாப்பிள்ள தங்கதுரை ஸ்டீரிங்கப் புடிச்ச பாங்கப் பாத்துட்டு, இவன் நிதானமானவன்னு நெனச்சேன்."

"ஓட்டுறதுல நிதானமாத்தான் இருப்பாரு" என்றாள் அம்சவல்லி.

மறுபடி போய் ஸ்பேனரைப் போட்டார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு இளகியது. மிச்சத்தை விரலாலேயே திருகினார். குழாய் நுனியிலிருந்து பழுப்பாக எண்ணெய் சொட்டியது. அவள் கப்பைப் பிடித்துக்கொண்டாள். சொட்டு நின்றதும், வேப்பங்குச்சியைச் சீவி நுனியில் செருகி, துணியைச் சுற்றிக் கட்டினார்.

"இனிமே பெடல்ல கால் படக் கூடாது. மிதிச்சா குச்சி பிச்சுக்கிட்டுப் பீச்சி அடிக்கும்."

சிலிண்டரைக் கழற்றி உள்ளேயிருந்ததைத் தட்டி எடுத்தார். ரப்பரின் உதடு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பாலக்கரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வேர்த்து வழிய வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"அம்பாஸிடருக்குத்தான் இருக்குது. பியட்டுக்கு இருக்குது. இதுக்கு மெட்ராஸ்லேருந்து வரணும்ங்குறாங்க. இருக்குறத வச்சுப் பாத்தேன், உள்ளயே போவல."

அம்சவல்லி எழுந்தாள். எண்ணெய் இருந்த கப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவி வந்தாள். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் பஸ்ஸுக்குப் போறேன். நேரம் ஆயிப்போச்சு. அவங்க திரும்பிடுவாங்க."

அவள் தெருவில் கொஞ்ச தூரம் போய்விட்டாள். கோதண்டபாணி கழற்றிப் போட்ட சீட்டைத் தூக்கிக் காருக்குள் வைத்து மாட்டினார்.

"அம்சா, நில்லு."

அவள் திரும்பினாள்.

"கட்டிக் குடுத்தப்ப இந்த வண்டிலதான் கொண்டுபோயி வுட்டேன். கூட்டிக்கிட்டு வரதும் இதுலதான் வரணும். ஏறு."

"கிளட்ச்சக் கழட்டிப் போட்டீங்களே?"

"அது இல்லாமயும் ஓட்டலாம். கெளம்புறதும் நிக்கிறதும்தான் கஷ்டம். நடுவுல ஓடுறதுக்கு அது எதுக்கு?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

முதல் கியரில் போட்டு செல்ப் ஸ்டார்ட்டரை எடுத்தார். கார் தவளைபோல இரண்டு குதி குதித்தது. அம்சவல்லி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "மாரியாத்தா" என்றாள். மூன்றாவது குதியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் காதால் ஓட்டினார். இஞ்சின் இரைச்சலைக் கேட்டு, ஆக்சிலேட்டரை விட்டு, சத்தம் இறங்கி வருகிற ஒரு நொடியில் கியரைத் தள்ளினார். சில சமயம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. சில சமயம் பல்லைக் கடித்தது. உறை போடாத கியர் பெட்டியிலிருந்து அனலும் எண்ணெய் வாடையும் மேலே வந்தன. அம்சவல்லி புடவையை முழங்காலுக்கடியில் ஒடுக்கிக்கொண்டாள்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வேறு வழியில்லாமல் இஞ்சினை அணைத்து நிறுத்தினார். சேலம் வண்டி ஆடி அசைந்து போனது. கேட் திறந்ததும் மறுபடி செல்ப், மறுபடி தவளைக் குதி. பின்னால் நின்ற மாட்டு வண்டிக்காரர் கையைத் தட்டிச் சிரித்தார். இன்னொரு இடத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அங்கேயும் நிறுத்திக் கிளப்ப வேண்டியதாயிற்று. இந்த முறை செல்ப் முனகி முனகித்தான் எடுத்தது.

"பேட்டரி எறங்குது" என்றார்.  இரண்டு பக்கமும் கம்புக் கொல்லைகள் கதிர் வாங்கி நின்றன. காற்றில் மழை வாடை இருந்தது, மேகம் இல்லை.

வேப்பூரில் டிரங்க் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்தெருவில் திரும்பி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்தார். கார் குலுங்கி நின்றது.

அவர்கள் பயந்தபடியே ஆகியிருந்தது. கனகாவின் மாமியார் மாரியம்மாள் பட்டுப் புடவையோடு வாசலில் நின்றாள். தலையில் வைத்த பூகூட வாடவில்லை. திண்ணையில்லாத அந்த ஓட்டு வீட்டின் நிலைப்படியில், தகரப் பெட்டி மேல் கனகா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க சம்மந்தி" என்றாள் மாரியம்மாள். "நானே ஆளு அனுப்பலாம்னு இருந்தேன். நல்லா இருக்குதா இது? நாங்க திரும்பி வரோம், இவ வாசல மறிச்சுக்கிட்டுப் பொட்டி மேல உக்காந்திருக்குறா. தாண்டித்தான் உள்ள போனோம்."

"மாப்பிள்ள எங்கங்க?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"லோடு இருக்குதுன்னு அங்கேருந்தே லாரிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இவ மூஞ்சியப் பாக்க மனசில்லாமதான். அவனுக்கும் கஷ்டமாத்தான் இருக்குது." அவள் அம்சவல்லியின் பக்கம் திரும்பினாள். "நான் என்னா தப்பு பண்ணிட்டேன் சம்மந்தி? ஒத்தப் புள்ள. அவனுக்கு ஒண்ணு வேணாமா? இவளப் போன்னு யாரு சொன்னா? எப்பவும் போல இருக்கட்டும். சாவிகூட இவகிட்டயே இருக்கட்டும்."

"ஒங்களுக்கு வேண்டியத நீங்க பாக்குறீங்க சம்மந்தி" என்றாள் அம்சவல்லி. "அதுல நான் ஒண்ணும் சொல்ல வரல. இவ இங்க இருக்க மாட்டேங்குறா. அதுக்குத்தான் வந்தேன்."

"இன்னிக்குப் போனா நாளைக்கு வர முடியுமா? அத யோசிச்சியாடி கனகா?"

கனகா எழுந்து நின்றாள். "யோசிச்சுட்டுத்தான் அத்த உக்காந்திருக்குறேன்" என்றாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நிலைப்படி ஓரத்தில் வைத்தாள்.

கோதண்டபாணி பெட்டியைத் தூக்கினார்.  முன் சீட்டை மடக்கிப் பின்னால் பெட்டியை வைத்தார். தெருவில் அங்கங்கே கதவோரமாகப் பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் முறம். ஒருத்தி இடுப்பில் குழந்தை.  அம்சவல்லி நிமிர்ந்தே நடந்து போய், கனகாவைப் பின்னால் ஏற்றிவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

கோதண்டபாணி செல்ப் எடுத்தார். கார் ஒரு முறை விம்மியது. மறுபடி எடுத்தார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்றாம் முறை அந்தச் சத்தமும் இல்லை.

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தள்ளணும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "ரெண்டாங் கியருல போட்டுருக்குறேன். கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்."

தாயும் மகளும் இறங்கிப் பின்னால் போய்க் கையை வைத்தார்கள். கார் ஒரு அடி நகர்ந்து, இஞ்சின் பிடித்து இழுக்க, நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார்கள். அம்சவல்லியின் முகம் சிவந்துபோயிற்று. கௌரவமாகக் கூட்டிப்போக வந்த வண்டி. இதற்குப் பஸ்ஸே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

முறம் வைத்திருந்தவள் முறத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். "தள்ளுங்கக்கா" என்று தோளைக் கொடுத்தாள். குழந்தைக்காரி குழந்தையைப் பக்கத்து வாசலில் இறக்கி விட்டுவிட்டு வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பெண்களின் வளையல் சத்தத்தோடு கார் மெல்ல உருண்டது. அப்போது தன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து பதிவதைக் கனகா பார்த்தாள். பட்டுப் புடவைச் சரிகை. மாரியம்மாளின் கை. சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று தள்ளினாளா, பாவம் என்று தள்ளினாளா, அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களைவிடப் பலமாகத் தள்ளினாள்.

கார் உறுமியது. புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. பெண்கள் கை நழுவி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"நிறுத்த முடியாது! ஓடியாங்க! ஓடியாந்து ஏறுங்க!" என்று கோதண்டபாணி தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

அம்சவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கனகா அவளைத் தாண்டி ஓடி, ஆடிக்கொண்டிருந்த கதவைப் பிடித்து, உள்ளே விழுந்தாள். திரும்பி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். சீட்டை மடக்கிப் பின்னால் போக ஏது நேரம்? அம்மா மகள் மடியிலேயே வந்து விழுந்தாள். தெருவில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ "பாத்துப் போங்க" என்று கத்தினார்கள். கதவு மூன்றாவது தடவைதான் சாத்திக்கொண்டது.

டிரங்க் ரோட்டைத் தாண்டி விருத்தாசலம் ரோட்டில் ஏறும் வரைக்கும் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. அம்சவல்லி இடம் மாற இடமில்லாமல் மகள் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். கனகா முகத்தை அவள் முதுகில் வைத்துக்கொண்டாள். முதலில் சிரிப்பதுபோலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ரவிக்கை நனைவதை அம்சவல்லி உணர்ந்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கனகா" என்றார் கோதண்டபாணி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த வூடு நான் பாத்த வூடு. ஒங்கம்மா அப்பவே யோசிக்கலாம்னு சொன்னா. நான்தான்..."

எதிரில் கரும்பு லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது.

"அப்பா" என்றாள் கனகா, அம்மாவின் தோளுக்கு மேலே முகத்தைத் தூக்கி. "ரோட்டப் பாத்து ஓட்டு. அதெல்லாம் வூட்டுல போயிப் பேசிக்கலாம்."

அவர் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, காலை எடுத்து, கியரைத் தள்ளினார். இந்த முறை சத்தமே இல்லாமல் விழுந்தது.